அம்மன் ஒப்புதல்

அந்த நாற்காலி வேண்டாமுங்க தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடுது. இப்படி வாங்க, இதுல உக்காருங்க. அது பாக்கறதுக்குத்தான் பளபளன்னு புதுசா இருக்குது, உக்காந்தா தேராட்டம் ஆடுது. எவனோ வெல கம்மின்னு யோசிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கறான். எங்க கம்பெனியா இருந்தா இது கேட்டுக்குள்ளயே வந்திருக்காதுங்க. நான் உட்டிருக்க மாட்டேன்.

நீங்களும் இன்டர்வியூவுக்குத்தானுங்களே? எந்த வேலைக்கு? பர்ச்சேஸா. அப்பச் சரி, நம்முளுக்குள்ள போட்டி இல்ல, தாராளமாப் பேசலாம். நான் ஜெனரல் மேனேஜர் வேலைக்கு வந்திருக்கறனுங்க. தலையைப் பாத்து யோசிக்காதீங்க, நரச்சது முடிதான். சித்த நேரம் ஆகுமாட்ட இருக்குது, உள்ள ஆரோ பேசிட்டு இருக்கறாங்க.

என்ற பேரு மருதாசலம். ஆவாரம்பாளையத்துல மயிலாத்தா கிரைண்டர்ஸ்னு ஒரு கம்பெனி, மாவு ஆட்டற கிரைண்டர் செய்யறது. அங்கதான் மேனேஜரா இருந்தேன், இருபது வருசத்துக்கு மேல. அந்தக் கம்பெனியில எடுத்த முடிவெல்லாம் என்னுதுங்க. ஒன்னு பாக்கியில்லாம என்னுது. ஆனா அது ஒரு சீவனுக்குத் தெரியாது. மொதலாளிக்கே தெரியாதுன்னாப் பாத்துக்கங்க.

மொதலாளி பேரு நாச்சிமுத்து. தங்கமான மனுசன். கல்லை ஒரு தட்டுத் தட்டிப் பாத்தே எந்தக் குவாரிக் கல்லுன்னு சொல்லிப்போடுவாரு. ஆனா முடிவுன்னு ஒன்னு எடுக்கோணும்னா மட்டும் ஆளு பதறிப் போயிருவாரு. அதனால எதுக்கும் பூக் கேப்பாரு. பூக் கேக்கறது தெரியுமுங்களா? நீங்க எந்த ஊரு? திருவாரூரா. அப்பத் தெரிஞ்சிருக்காது. எங்க பக்கம் ஒரு நல்லது கெட்டதுன்னா சாமிகிட்டப் பூக் கேப்பமுங்க. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்துல செவப்புப் பூ. வெளிய தெரியாம இலையில மடிச்சுக் கட்டி, சாமி முன்னால போடறது. மனசுல இருக்கறதைக் கேட்டுப்போட்டு ஒன்னை எடுத்துப் பிரிக்கறது. வெள்ளை வந்தாச் செய்யலாம். செவப்பு வந்தா வேண்டாம். கலியாணம், கெணறு வெட்டறது, இதுக்கெல்லாம் ஊர்ல கேப்பாங்க. எங்க மொதலாளி மெசின் வாங்கறதுக்குக் கேட்டாரு, கேரளாவுல டீலர் போடறதுக்குக் கேட்டாரு, மோட்டாரை இன்னார்கிட்ட வாங்கலாமான்னு கேட்டாரு. கம்பெனிக்குப் பின்னாடியே சின்னதா ஒரு மாகாளியம்மன் கோயிலு. வெள்ளிக்கெழம காத்தால பூக் கேட்டம்னா, டீ வர்றதுக்குள்ள ஆர்டர் போட்டிருவோம். இந்தக் காலத்துல எந்தக் கம்பெனியில இத்தனை வெரசா முடிவு எடுக்கறாங்க, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பொட்டலம் கட்டற வேலை என்னுதுங்க. பூசாரி அமாவாசைக்குத்தான் வருவாரு, அதனால மொதல்ல இருந்தே நான்தான்.

ஆரம்பத்துல நாணயமாத்தான் கட்டினேன். ஒன்னுல வெள்ளை அரளி, ஒன்னுல செவப்பு அரளி. அப்ப ஒரு பழைய லேத்து மெசின் வெலைக்கு வந்துச்சு. நான் போய்ப் பாத்தேன், ஓட்டி ஓட்டித் தேஞ்சு கெடந்துச்சு. வேண்டாமுங்கன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். எதுக்கும் அம்மனை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னாரு. வெள்ளை வந்துருச்சு. வாங்கினோம். அது ஓடின நேரத்தை விட அதுக்கு வைத்தியம் பாத்த நேரம்தான் சாஸ்தி. கடைசியில காயலாங்கடைக்குப் போச்சு. அன்னைக்கு நான் யோசிச்சனுங்க. அம்மனுக்கு லேத்தைப் பத்தி என்ன தெரியும்? அது மழை, அம்மை, புள்ளவரம்னு பாத்துட்டு இருக்கற சாமி. அதைக் கூட்டியாந்து மெசின் பாக்கச் சொன்னா அது என்ன பண்ணும்? ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டாமுங்களா?

அடுத்தாப்புல மதுரையில குடோன் போடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. மொதலாளியோட மச்சான் கிட்டுசாமி, அவரும் கம்பெனியில பங்குதாரர், அவரு கெளப்பின யோசனை. மதுரையில நம்ம கிரைண்டர் வாங்க ஆளு இல்ல. ஆனா கிட்டுசாமிக்கு அங்க கொழுந்தியா வூடு இருக்குது. வெசயம் அவ்வளவுதான். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வெச்சேன்.

எதை எடுத்தாலும் செவப்புத்தானுங்களே. கிட்டுசாமி மூஞ்சி போன போக்கைப் பாக்கோணும். மொதலாளி சொன்னா ரெண்டு நாளைக்குச் சண்டை புடிப்பாரு. அம்மன் சொன்னா ஆருகிட்டப் போயிச் சண்டை புடிக்கறது? மொதலாளி கையை விரிச்சுட்டாரு. "நான் என்ன மாப்ள பண்றது, எனக்கும் ஆசைதான், அம்மன் வேண்டாங்கறாளே"ன்னாரு. சொல்லிட்டு என்ற பக்கமாத் திரும்பினாரு பாருங்க, அப்படி ஒரு நிம்மதி அவரு மொகத்துல. சாமி மேல அத்தனை நம்பிக்கை அவருக்கு.

அன்னையில இருந்து அப்படியே ஓடுச்சு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது சாமி மறைச்சு வெச்ச வாக்கு, பிரிச்சாக் குத்தம்னு ஒரு சட்டமும் போட்டேன். நான் போட்டதுதான். ஆனா ஒரே வருசத்துல, எங்க பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான்னு கிட்டுசாமியே வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. மிச்சப் பொட்டலத்தை நான் எடுத்துப் போயிக் கெணத்துல போட்டுருவேன்.

மொதலாளி என்ன கேக்கப் போறாருன்னு எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கோணும். கேளுங்க. வியாழக்கெழம சாயங்காலமானா அவரே என்ற ரூமுக்கு வந்துருவாரு. டீயை ஊதி ஊதிக் குடிச்சுட்டு, "நாளைக்கு அம்மன்கிட்ட இன்னதைக் கேக்கலாம்னு இருக்கறேன் மருதாசலம். நீ என்ன நெனைக்கறே?"ன்னு கேப்பாரு. நான் நெனைக்கறதைச் சொல்லுவேன். சில நாளு ஒரு மணி நேரம் கூடப் பேசுவோம். அதுல என்ன லாபம், எங்க இடிக்கும், எவன் ஏமாத்துவான்னு எல்லாத்தையும் கேட்டுக்குவாரு. தலையை ஆட்டிட்டுப் போயிருவாரு. காத்தால பாத்தா அம்மனும் அதையே சொல்லும். "பாரு மருதாசலம், உனக்கும் அம்மனுக்கும் ஒரே மண்டை"ன்னு சிரிப்பாரு. இத்தனை வருசத்துல இது எப்படீன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சிருக்கோணுமா வேண்டாமா? யோசிக்கலீங்க. வெள்ளந்தி மனுசன். நான் காய்ச்சல்ல படுத்துட்டா, பூக் கேக்கறதையே தள்ளி வெச்சிருவாரு. வேற ஆள் கட்டட்டும்னு கிட்டுசாமி சொன்னா, மருதாசலம் கைராசி வேற ஆருக்கு வரும்பாரு.

தப்பே ஆகலையான்னா, ஆச்சுங்க. மறைப்பானேன். மேசை மேல வெக்கற மாதிரி சின்ன கிரைண்டர் புதுசா வந்த சமயம். ஒரு வூட்டுக்கு ஆட்டற அளவு மாவுக்கு எவன் கிரைண்டர் வாங்குவான்னு நான் ரெண்டுலயும் செவப்பு வெச்சுட்டேன். ஊரே அதைத்தான் வாங்குச்சு. பக்கத்துக் கம்பெனிக்காரன் புது வூடு கட்டிக் குடி போனான். நாங்க போயி மொய் வெச்சுட்டுச் சோறு தின்னுட்டு வந்தோம். நல்ல வேளை, அந்தத் தப்பு அம்மன் கணக்குல போயிருச்சு. மொதலாளி என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "அம்மனும் சில நேரம் அசந்துருமாட்ட இருக்குது மருதாசலம்"னாரு. ஆமாங்கன்னேன். வேற என்ன சொல்றது.

இப்படி நல்லாப் போயிட்டு இருந்த கம்பெனிக்குள்ளதான் மதுவந்தி வந்துச்சு. மொதலாளி பொண்ணு. நாங்கெல்லாம் பாப்பான்னுதான் கூப்புடுவோம். பெங்களூருல மேனேஜ்மென்ட் படிச்சுட்டு வந்து, கம்பெனியை ஒரு முறைக்குக் கொண்டு வரோணும்னு ஆரம்பிச்சுது. அதுக்குத் துணைக்குச் சென்னையில இருந்து ஜோயல்னு ஒரு கன்சல்டன்டு. ஒல்லியா, தாடி வெச்சுட்டு, எதைச் சொன்னாலும் "சூப்பர் சார்"ம்பான். காய்ச்சல்னு சொன்னாலும் சூப்பர் சார்தான்.

அவன் மீட்டிங் ரூம் சொவத்துல பெருசா ஒரு தாளை ஒட்டினான். அதுல மஞ்சச் சீட்டா ஒட்டிட்டே வந்தான். கல்லு எங்க இருந்து வருது, அடுத்து எங்க போகுது, எவன் பாக்கறான், எவன் கையெழுத்துப் போடறான். ஒவ்வொருத்தனையாக் கூப்பிட்டு, இதை முடிவு பண்றது யாருன்னு கேட்டான். வெல்டிங்காரன்ல இருந்து கேன்டீன்காரி வரைக்கும் ஒட்டுக்கா ஒரே பதில். அம்மன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிச்சிருந்தான்னா அன்னைக்கே பஸ் ஏத்தி உட்டிருப்பாங்க. சிரிக்கலீங்க அவன். மரியாதையாக் கட்டம் போட்டு, அதுல "அம்மன் ஒப்புதல்"னு எழுதினான். அதுக்குக் கீழ, பொறுப்பு யாருன்னு கேட்டான்.

"இதென்னப்பா கேள்வி, அம்மன்தான்"னாரு கிட்டுசாமி.

"ஒப்புதல் தர்றது அம்மன் சார். அதுக்கு முன்னாடி பொட்டலத்தை ரெடி பண்றது யாரு?"

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அவன் என்ற பேரை எழுதி ஒட்டினான். பெருமையாத்தான் இருந்துச்சு மொதல்ல. அப்பறம் பாப்பா அந்தக் கட்டத்தையே பாத்துட்டு நின்னுச்சு.

"அங்கிள், நீங்க ஒருத்தர் மட்டும்தான் கட்டறீங்களா?"

"ஆமா பாப்பா. உங்கப்பனுக்கு என்ற கைராசி மேல நம்பிக்கை."

"கட்டினதுக்கு அப்பறம் வேற யாரும் பாக்கறது இல்லையா?"

"சாமி வெசயத்துல எதுக்குப் பாப்பா பாக்கறது?"

"பாக்கோணும் அங்கிள். ஒருத்தர் செஞ்சா இன்னொருத்தர் சரிபாக்கோணும். பேங்குல அப்படித்தானே. உங்க மேல சந்தேகம் இல்ல, முறைன்னு ஒன்னு இருக்குதில்ல?"

பூக் கேக்கறதை மூட நம்பிக்கைன்னு அந்தப் புள்ள சொல்லியிருந்தா நான் பாத்திருப்பனுங்க ஒரு கை. ஊரையே கூட்டி நிறுத்தியிருப்பேன். ஆனா அது பூவை ஒன்னும் சொல்லல. நல்லாப் பண்ணலாம்னு சொல்லுது. அதுக்கு என்னன்னு மறுப்புச் சொல்றது? சரிபாக்க ஆளு யாருன்னா, அக்கவுண்ட்ஸ் ஜமீலா. ஒரு ரூபா இடிச்சா ராத்திரி தூக்கம் வராது அந்தப் புள்ளைக்கு. "நான் பாக்கலாமுங்களா சார்?"னு அது தயங்குச்சு. "வெள்ளை ஒன்னு, செவப்பு ஒன்னு இருக்குதான்னு பாக்கறதுக்கு உன்னைய விட்டா ஆரு இருக்கறாங்க"ன்னு கிட்டுசாமியே சொல்லிப்போட்டாரு. நான் மொதலாளியைப் பாத்தேன். அவருக்கு அப்பப் பாத்து இருமல் வந்துருச்சு. தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிட்டாரு.

அடுத்த மாசத்துல இருந்து ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலீங்க. நெனச்சுப் பாருங்க, ஜமீலா வந்து நின்னுச்சுன்னா அப்பறம் கம்பெனி நெசமாவே அம்மன் கைக்குப் போயிரும். எத்தனை குடும்பம் அதுல சோறு திங்குது. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அதை விட எனக்கு வேற பயம். அந்த ரெண்டு பொட்டலத்தை எடுத்துட்டா நான் அங்க ஆரு? மேனேஜர்னு போர்டு இருக்குது, ரூம் இருக்குது. ஆனா என்ற பேச்சு எடுபட்டதெல்லாம் அம்மன் வாயிலதானே.

இதுக்கெல்லாம் ஆரு காரணம்? ஜோயல். அவன் போயிட்டான்னா, பாப்பா ஒத்தையில எத்தனை நாளைக்கு மஞ்சச் சீட்டு ஒட்டிட்டு இருக்கும்? மொதலாளிகிட்டச் சாடை மாடையாச் சொல்லிட்டே இருந்தேன். கல்லு கொத்தற ஆளுங்க மொகம் சுளிக்கறாங்க, டீலருக சிரிக்கறாங்க, இவனுக்குக் குடுக்கற பணத்துல ரெண்டு மெசின் வாங்கலாம்னு. அவரு எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு. அந்த மாசக் கடைசி வியாழக்கெழம என்ற ரூமுக்கு வந்தாரு. டீ வேண்டாம்னுட்டாரு.

"நாளைக்கு ஒன்னு கேக்கோணும் மருதாசலம். பூவைக் கட்டி வெய்யி."

"என்னங்க கேக்கறீங்க?"

"இந்தத் தடவை மனசுக்குள்ளயே கேட்டுக்கறேன். வெளிய சொல்ற வெசயம் இல்ல."

அப்படி அவரு சொன்னதே இல்லீங்க. ஆனா அதுல கண்டுபுடிக்க என்ன இருக்குது? வெளிய சொன்னா மகளுக்குத் தெரிஞ்சுரும், மகளுக்குத் தெரியாமக் கேக்கறாருன்னா அது ஜோயல் வெசயம்தானே. அவனை ஊருக்குத் தாட்டி உட்டர்லாமான்னுதான் கேப்பாரு. மொதலாளி எப்பவும் செய்யலாமான்னுதான் கேக்கற ஆளு. வூட்டுக்குப் போற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துட்டே போனேன். காத்தால ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை வெச்சேன். நல்லா மலர்ந்த பூவாப் பாத்து வெச்சேன்.

கோயில்ல எல்லாரும் நின்னாங்க. ஜோயலும் கையைக் கட்டிட்டு நின்னான். பாவமாக் கூட இருந்துச்சு, நாளைக்கு வேற ஊர் பாக்கப் போற பையன். மொதலாளி கண்ணை மூடிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. எடுத்தாரு. பிரிச்சாரு. வெள்ளை. நான் ஜோயலைப் பாத்துச் சிரிச்சேன். அவனும் சூப்பர் சார்னு கட்டை வெரலைக் காட்டினான்.

"நீங்கெல்லாம் போயி வேலையைப் பாருங்க. மருதாசலம், நீ இரு"ன்னாரு மொதலாளி.

எல்லாரும் போனாங்க. நான் வழக்கம் போல மிச்சப் பொட்டலத்தை எடுக்கக் குனிஞ்சேன். அதுக்குள்ள அவரு எடுத்துட்டாரு. எடுத்து, அவசரமே படாம நூலை அவுத்தாரு. பிரிக்கக் கூடாதுங்கன்னு கையை நீட்டினேன், அவரு குடுக்கல. உள்ள வெள்ளை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு.

"அம்மனுக்கு ரெண்டு மனசே இல்ல போல மருதாசலம்."

"என்ன கேட்டீங்க மொதலாளி?"

"உனக்கு ஓய்வு குடுத்தர்லாமான்னு கேட்டேன்."

தம்பி, நீங்க என்ற எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும், வேலை தப்பிச்சிரும். ரெண்டுலயும் வெள்ளை வெச்சது நான், அம்மன் இல்லீங்கன்னு சொல்லோணும். சொன்னா? இத்தனை வருசமும் அவரு சாமின்னு நெனச்சுக் கும்பிட்டது என்னையத்தான்னு ஆயிரும். அந்த மனுசன் தாங்குவாரா? மனசு ஒடிஞ்சு போயிருமுங்க. அவரு நம்பிக்கைக்காக நான் வாயை மூடிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு, அம்மன் சித்தம்னு சொல்லிட்டேன்.

அவரு என்ற தோள்ல கையை வெச்சாரு. "வர்ற மாசத்துல இருந்து ஜமீலா வந்து பக்கத்துல நின்னு பாக்குமாம். பாப்பா சொன்னாக் கேக்க மாட்டா. உனக்கு அது ஒத்து வராதப்பா. மரியாதையோட இருந்த ஆளு, மரியாதையோட போ"ன்னாரு. ரெண்டு பொட்டலத்தையும் அவரே கெணத்துல போட்டாரு. பாருங்க, ஒன்னுக்கு ரெண்டாப் பிரிச்சுப் பாத்தும் அவருக்குச் சந்தேகம் வரலை. அப்படி ஒரு மனுசன்.

நல்லாத்தான் வழியனுப்பி வெச்சாங்க. பொன்னாடை போத்தி, போட்டோ எடுத்து, பாப்பா அழுதுச்சு. ஜோயல் எங்கூட நின்னு செல்பி எடுத்துக்கிட்டான். நான் வேலையை உட்டு வந்த அடுத்த வெள்ளிக்கெழம, ஜமீலா பக்கத்துல நின்னு பாக்கப் பொட்டலம் கட்டி, கிட்டுசாமி மறுபடியும் மதுரை குடோனுக்குக் கேட்டிருக்காரு. வெள்ளை வந்துருச்சாம். மொதலாளி அந்தப் பூவைப் பாத்துட்டு, "அம்மனுக்கு வயசாயிருச்சு, இனித் தொந்தரவு பண்ண வேண்டாம்"னு பூக் கேக்கறதையே நிறுத்திப்போட்டாராம். இப்ப எல்லாம் பாப்பாதான். நான் போனதும் அவருக்குச் சாமி மேல இருந்த பிடிப்பே போயிருச்சு பாருங்க. கேட்டப்ப மனசு ரொம்பச் சங்கடமாப் போச்சு.

வூட்டுல சும்மா உக்கார முடியலீங்க. அதான் இங்க மனுப் போட்டேன். ஆனா அனுபவம்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? நான் எடுத்த ஒரு முடிவுக்காச்சும் என்ற பேர் இருக்குதா? போன வாரம் இந்தக் கம்பெனி மொதலாளியே எனக்குப் போன் பண்ணினாரு. உங்களைப் பத்தி நாச்சிமுத்து அண்ணன்கிட்ட விசாரிச்சனுங்கன்னாரு. என்ன சொன்னாருங்கன்னு கேட்டேன். "என்ற கம்பெனியில நடந்த நல்லது கெட்டது அத்தனையும் மருதாசலம் எடுத்த முடிவு. பூவை எடுத்துப் பிரிச்சது மட்டும்தான் நானு. வேண்டாம்னு உட்டுறாதீங்க"ன்னு சொன்னாராம்.

போனை வெச்சுட்டு அழுதுட்டனுங்க. என்ற சம்சாரம் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா. பொய்யே சொல்லாத மனுசன் தம்பி அவரு. ஒரு டீலர்கிட்டக் கூட ஒரு வார்த்தை மாத்திப் பேசினது இல்ல. எனக்கு இந்த வேலை கெடைக்கோணுமேன்னு, அத்தனை பெரிய பொய்யைச் சொல்லியிருக்காரு.

கூப்புடறாங்க போல, இருங்க. அவரு சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லைன்னு அவருக்கு மட்டும் கடைசி வரைக்கும் தெரியப் போறது இல்லீங்க.